களையெடுக்கக் கூடாத பாத்தி

1

இந்தக் கதை எனக்கு ஒரு சலூன் நாற்காலியில் கிடைத்தது. பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

என் தலையில் வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் மாதம் தவறாமல் போய் உட்கார்ந்துவிடுவேன். சலூன்காரரும் என்னைக் கைவிடவில்லை. வெள்ளைத் துணியை உதறிப் போர்த்தி, கழுத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "எவ்வளவு எடுக்கட்டும்?" என்று எல்லாரையும் கேட்பதுபோலவே என்னையும் கேட்பார். மரியாதைக்குத்தான். நானும் கொஞ்சம் யோசிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, "பாத்து எடுங்க" என்பேன்.

போன தடவை கத்தரி என் காதோரம் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் திடீரென்று கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சார், நீங்க நாலு விஷயம் படிக்கிறவரு. மக்காச்சோளத்துல களையை லேட்டா எடுத்தா, பயிர் பழையபடி வந்துடுமா?"

எனக்கும் மக்காச்சோளத்துக்கும் உள்ள பழக்கம் சினிமா இடைவேளையோடு சரி. "தெரியலையே" என்றேன். "சரி, விடுங்க" என்றார். கத்தரி மறுபடியும் ஓட ஆரம்பித்தது. இந்தக் கதையில் நிஜமாக நடந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், நானும் உச்சுக்கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன். கேட்காமல் வந்ததன் பலன், இப்போது உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

2

முதல் வரிகள் சில:

[பச்சைப் பசேலென விரிந்து கிடந்த சோள வயலின்மீது கதிரவன் தன் பொற்கரங்களை] வேண்டாம். கதிரவனுக்குக் கை முளைத்த கதை எதுவும் உருப்பட்டதில்லை.

[உலக உணவு உற்பத்தியில் இன்றியமையாத இடம் வகிக்கும் மக்காச்சோளமானது] இது பத்து மதிப்பெண் வினாவுக்கான விடை.

[அந்தச் சலூன்காரரின் கண்களில் ஒரு சோகம்] இருந்ததா? நான் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?

நான்காவதாக வந்தது இது: அவள் அவரை இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. யார் இந்த அவள் என்று எனக்கே அப்போது தெரியாது. இருந்தாலும் நிற்கட்டும் என்று விட்டேன். மறுநாள் பார்த்தால் வேர் பிடித்திருந்தது.

3

அவள் ஓர் ஆய்வுக்காரி. வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், மக்காச்சோளத்தின் வளர்ச்சியையும் விளைச்சலையும் களை எவ்வளவு பாதிக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் அவள் வேலை. அவர் சலூன்காரர், அவளுடைய அம்மாவை இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டவர். (எனக்கு முடி வெட்டுகிறவரின் கத்தரியை மட்டும்தான் இவருக்குக் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மனுஷன் வேறு.)

சொந்த அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அதன் பிறகு அம்மாவும் அவளும் மட்டும். ஒரே பாய், ஒரே போர்வை, ஒரே சீப்பு என்று இருந்த வீட்டுக்குள், அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது இந்த மனிதர் ஒரு சூட்கேஸோடும் சவரப் பெட்டியோடும் வந்து சேர்ந்தார்.

"அப்பான்னு கூப்பிடும்மா" என்றாள் அம்மா. அவள் கூப்பிடவில்லை. மாமா, அங்கிள், சித்தப்பா என்று அம்மா ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்து பார்த்தாள். அவள் எதற்கும் அசையவில்லை. சண்டை போட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதில்லை. "அம்மா, டீ ஆறுதுன்னு சொல்லு." "அம்மா, போன் அடிக்குதுன்னு சொல்லு." அவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நம் மொழியில் ஒருவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஆயுசு முழுக்க ஒரே வீட்டில் குடும்பம் நடத்திவிடலாம். சந்தேகம் இருந்தால் மாமனாரும் மருமகனும் சேர்ந்து வாழும் எந்த வீட்டுக்காவது போய்ப் பாருங்கள்.

* ஓர் அடிக்குறிப்பு, பக்கத்தின் அடியில் இடமில்லாததால் இங்கேயே: வந்த புதிதில் ஒருநாள் அவர், "முடி கண்ணுல விழுதே பாப்பா, நுனியை மட்டும் எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். அவள் உள்ளறைக்கு ஓடிப்போய் தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஊரில் இருக்கிற தலைக்கெல்லாம் அவர்தான் முடி வெட்டினார், அந்த ஒரு தலையைத் தவிர.

4

கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் படித்தேன். சலூன்காரரின் கேள்விக்குப் பதில் தெரியாமல் அடுத்த தடவை அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது?

நான் படித்தவரையில் விஷயம் இதுதான். களை என்றால் பயிரின் சோற்றைப் பிடுங்கித் தின்பது, தண்ணீரைக் குடித்துவிடுவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பிறகு நடப்பது. அதற்கு முன்பே ஒன்று நடந்துவிடுகிறது. மக்காச்சோள நாற்று இரண்டு மூன்று இலை விட்டிருக்கும்போது, பக்கத்தில் முளைத்த இன்னொரு பச்சையின்மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதன்மேல் விழுகிறது. அதை வைத்தே நாற்று, தான் தனியாக இல்லை என்று தெரிந்துகொள்கிறதாம். பசி வருவதற்கு முன்பே, தாகம் வருவதற்கு முன்பே பயந்துவிடுகிறது. வேருக்குப் போக வேண்டியதையும் தண்டுக்கு அனுப்பி, மெலிந்து, அவசர அவசரமாக உயர்கிறது.

அந்தச் சின்ன வயதிலிருந்து எட்டுப் பத்து இலை விடும்வரை சுற்றிலும் சுத்தமாக இருந்துவிட்டால் போதும். பிறகு பயிர் தன் நிழலாலேயே தரையை மூடிக்கொள்ளும். அதன் கீழே தாமதமாக எது முளைத்தாலும் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அந்தக் காலம் முழுக்கக் களையோடு வளர்ந்துவிட்ட பயிருக்கு, பிறகு நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும், இழந்ததை முழுசாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. கதிர் சிறுத்துவிடும், நுனியில் மணி பிடிக்காது.

இதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றேன். ஏனென்றால் என் மனதில் வந்த ஆய்வுக்காரி ஒல்லி, நெட்டை. இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே அப்படித்தான் வந்திருந்தாள்.

உடனே கை துறுதுறுத்தது. [அந்த வயதில் அவளும் ஒரு நாற்றுதான், சூட்கேஸோடு வந்த அவரோ ஒரு] நிறுத்திக்கொண்டேன். மனிதர்களைப் பயிர் என்றும் களை என்றும் பிரித்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் ஒன்று உண்டு, நான் எழுதாவிட்டாலும் ஆறாம் வகுப்புச் சிறுமி தன் மனதுக்குள் அப்படித்தான் நினைத்தாள். அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் யாரும் விதைக்காமல் ஏதோ ஒன்று முளைத்துவிட்டது என்று நினைத்தாள். பாவம், குழந்தை. அவரும் பாவம்தான்.

5

அம்மாவைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை சொல்ல வேண்டும்.

இவ்வளவு வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சேதி கொண்டுபோனவள் அவள். அப்படியே கொண்டுபோகவில்லை. "என் ரூம்ல விளக்கை எரியவிட்டுட்டுப் போறாரு, கரண்ட் என்ன சும்மாவா வருதுன்னு கேளு" என்று மகள் சொன்னால், அது கூடத்துக்குப் போய்ச் சேரும்போது "பாப்பா விளக்கை அணைக்கச் சொல்றா" என்று ஆகியிருக்கும். "பெரிய படிப்பு படிச்சா மனுஷங்க முகத்தைப் பாக்கக் கூடாதா?" என்று அவர் என்றைக்காவது முனகினால், அது உள்ளறைக்குள் "சாப்பிட்டியான்னு கேக்குறாரு" என்று நுழையும். முள் எல்லாவற்றையும் வழியிலேயே பிடுங்கிப் போட்டுவிடுவாள். சில நேரம் கொஞ்சம் உரமும் போடுவாள். அவர்கள் வீட்டில் ஒரு நாளும் குரல் உயராததற்குக் காரணம் அவள்தான். அந்தப் பாத்தி பாழானதற்குக் காரணமும் அவளே.

6

பாத்திக்கு வருகிறேன்.

ஆய்வுக்காரியின் சோதனை வயல் பல பாத்திகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. "ஒரு பாத்தியில முதல்ல இருந்து களையே இருக்காதும்மா" என்று ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே அம்மாவுக்கு விளக்கினாள். "சிலதுல கொஞ்ச நாள் விட்டு எடுப்போம். ஒரு பாத்தியில மட்டும் கடைசி வரைக்கும் கையே வைக்க மாட்டோம்."

"ஐயோ பாவம். அது மட்டும் என்ன தப்பு பண்ணுச்சு?"

"அது அப்படி இருந்தாத்தான்மா மத்ததெல்லாம் எவ்வளவு தப்பிச்சிருக்குன்னு கணக்குச் சொல்ல முடியும்."

இந்த வரிசையை அப்படியே வயலின் நான்கு இடங்களில் திரும்பத் திரும்ப அமைத்திருந்தாள். ஓரிடத்தில் மண் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி, ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பதற்காக. ஆக, களையெடுக்கக் கூடாத பாத்திகள் நான்கு. அதில் ஒன்று வாசல் கேட்டை ஒட்டி இருந்தது. அவளுடைய முனைவர் பட்டத்துக்கு இந்த ஒரு பருவம்தான் மிச்சம். உதவித்தொகையும் அதோடு முடிகிறது. தப்பினால் இன்னொரு பருவத்துக்கு யாரிடம் போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் காய்ச்சல் வந்தது. ஆராய்ச்சி நிலையத்துக் குவார்ட்டர்ஸில் தனியாகக் கிடக்க முடியாமல் அம்மா வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். வயலைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் லீவில் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் சுள்ளென்று ஏறியதும், படுக்கையிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"சொட்டுநீர் வால்வை யாராவது போய்த் திறந்துவிடணும்மா. அவரைப் போகச் சொல்றியா? வால்வு மட்டும்தான். வேற எதையும் தொடக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லு."

அம்மா கூடத்துக்கு வந்தாள். அவர் சலூனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பாப்பா உங்களை வயலுக்குப் போய்த் தண்ணி திறந்துவிடச் சொல்றா" என்றாள். தொடக் கூடாது என்பதை நாக்குவரை கொண்டுவந்து பார்த்தாள். முதல்முதலாக ஓர் உதவி கேட்கும்போது அது என்ன கண்டிப்பு? பிடுங்கிப் போட்டுவிட்டாள். போட்ட இடத்தில் வழக்கம்போல் ஒன்றைத் தூவினாள். "உங்களை விட்டா யாரு இருக்கான்னு சொல்றா."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "பாப்பாவா சொன்னா?"

"பின்ன?"

ஞாயிற்றுக்கிழமை சலூனை மூடுகிற ஆள் எங்கேயாவது உண்டா? அவர் மூடினார். வாரம் முழுக்க வளர்ந்த தாடிகள் எல்லாம் வாசலில் நின்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போயின.

7

இந்த இடத்தில் என் மனைவி, அவள்தான் என் முதல் வாசகி, ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பாத்தியில போர்டு எதுவும் வைக்க மாட்டாங்களா?"

வைப்பார்கள். குச்சியில் ஒரு தகடு, அதில் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும். ஆய்வு செய்கிறவருக்கு அது ஒரு முழு வாக்கியம். சலூன்காரருக்கு அது வண்டி நம்பர் மாதிரி இருந்தது.

வால்வைத் திறந்துவிட்டார். தண்ணீர் கடைசி வரிசைவரை போய்ச் சேரட்டும் என்று கேட்டருகே நின்றார். நின்றவரின் கண்ணில் அந்தப் பாத்தி பட்டது. கோரையும் முள்ளுக்கீரையும் இடுப்பளவுக்கு மண்டிக்கிடக்க, நடுவே மக்காச்சோளம் வெளிறிப்போய், கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாத்திகளோ பளிச்சென்று இருந்தன. காய்ச்சலில் படுத்துவிட்டதால் இதற்கு மட்டும் அவளால் வர முடியவில்லைபோல என்று நினைத்தார். வேறு என்ன நினைப்பார்? ஒரு செடியை வேண்டுமென்றே இப்படி விடுவார்கள் என்று நினைக்கிற புத்தி அவருக்குக் கிடையாது.

சட்டையைக் கழற்றிக் கேட்டில் மாட்டினார். உட்கார்ந்தார். ஆரம்பித்தார்.

கத்தரி பிடித்துப் பழகிய கைக்குக் கோரை புதுசு. உள்ளங்கை கொப்பளித்தது. விடவில்லை. வேரோடு வந்ததையெல்லாம் வரப்புக்கு வெளியே குவித்தார். ஒவ்வொரு தண்டின் அடியிலும் மண்ணை அணைத்துவிட்டார். இலைகளில் தெறித்திருந்த புழுதியைத் துண்டால் தட்டிவிட்டார். எல்லாம் முடிந்து எழுந்தபோது வரப்போரப் புல் மட்டும் மேலும் கீழுமாக நின்றது. அது அவரைத் தொந்தரவு செய்தது. கேட்டில் மாட்டிய சட்டையின் பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கத்தரியை எடுத்துவந்து குனிந்து, நான்கு பக்கமும் ஒரே மட்டமாக வெட்டினார்.

8

இந்த ஒரு பத்தியை நான் திருத்தப்போவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டாமா?

சலூன் என்றால் பெரிய சலூன் இல்லை, ஒரே நாற்காலி, அதுவும் காலால் மிதித்தால் ஏறும் மிதித்தால் இறங்காது, உட்கார்ந்திருப்பவர் எழுந்தால்தான் இறங்கும், எதிரே ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்தால் நம் பிடரிகள் வரிசையாக எங்கோ போய்க்கொண்டே இருக்கும், பழைய காலண்டர்கள், தண்ணீர் பீய்ச்சும் பாட்டில், பவுடர் டப்பா, ஒரு பக்கம் பல் உடைந்த சீப்புகள் அவரைப் போலவே பொறுமையாக ஒரு டம்ளரில் நின்றுகொண்டு, மூலையில் நாற்காலிக் கைகளின்மேல் குறுக்கே போட்டுக் குழந்தைகளை உட்காரவைக்கும் பலகை, அதன் ஒரு முனையில் சின்னப் பூ ஒன்று பெயின்டில் வரைந்திருக்கும், அந்தப் பூவை அவர் வரைந்தது கல்யாணமான அந்த வாரத்தில், பாப்பா வந்தால் உட்காரவைக்கலாம் என்று, வேறு எத்தனையோ குழந்தைகள் உட்கார்ந்து உட்கார்ந்து பூவில் பாதி அழிந்துவிட்டது, ரேடியோவும் உண்டு, பாடாது.

"பலகையை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடுங்க" என்றாள் மனைவி. எடுக்கவில்லை.

9

காய்ச்சல் தணிந்து வயலுக்குப் போன ஆய்வுக்காரி கேட்டருகிலேயே நின்றுவிட்டாள்.

முதலில் வேறு வயலுக்கு வந்துவிட்டதாகத்தான் தோன்றியது. தகட்டைப் பார்த்தாள். சரியான பாத்திதான். விதைத்ததிலிருந்து காத்துவந்த களை அத்தனையும் வெளியே குவியலாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. யார், எவன், யாரைக் கேட்டு என்று கத்தப் போனவள் வரப்பைப் பார்த்தாள். புல் ஒரே மட்டமாக, கிருதாவை எடுத்துவிட்ட மாதிரி வெட்டப்பட்டிருந்தது. உலகத்தில் எந்தக் கூலியாளும் வரப்புப் புல்லைக் கத்தரியால் மட்டம் செய்ய மாட்டான்.

வரப்பிலேயே உட்கார்ந்தாள். அழுகை வந்தது. என் பருவம் போச்சே என்ற அழுகைதான். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு செடியின் இலை கண்ணில் பட்டது. புழுதி இல்லாமல் துடைத்து வைத்திருந்தது. அடுத்த செடியும் அப்படியே. முழுசாகக் கோபப்படவும் முடியாமல் கோபத்தை விடவும் முடியாமல் வெகுநேரம் அங்கேயே இருந்தாள்.

துறைத்தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். யார் செய்தது என்று அவர் கேட்டபோது, "வீட்டுல ஒருத்தர்" என்றாள். அப்படிச் சொன்னது அவளுக்கே விநோதமாக இருந்தது.

"மத்த மூணு இடத்துல அப்படியே இருக்கில்ல? அதை வெச்சுப் பாப்போம்" என்றார் அவர். "தீசிஸ் கமிட்டி ஏத்துக்கிட்டா சரி. இல்லன்னா இன்னொரு பருவம். இதைத் தனியா எடை போடு. மறைச்சு மட்டும் எழுதாத."

வீட்டிலோ அவர் தினமும் சலூனிலிருந்து வந்ததும் அம்மாவிடம் கேட்டார். "பாத்தி எப்படி இருக்குன்னு பாப்பா ஏதாவது சொன்னாளா?"

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிவிட்ட மகளை அம்மா போனில் கேட்டாள். "இப்ப எதுவும் பேச வேணாம்மா" என்றாள் மகள்.

"நல்லா இருக்காம்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அவர் முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களிடமெல்லாம் தன் பாத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

10

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் பிடுங்கினேன். வரப்பில் கிடக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

[அவள் நேரே வீட்டுக்கு வந்து, "யாரைக் கேட்டு அதுல கை வெச்சீங்க?" என்று கத்தினாள். அவளுக்கும் அவருக்கும் நடுவே அம்மா இல்லாமல் போய்ச் சேர்ந்த முதல் வாக்கியம் அதுதான். அவர்] இதற்கு மேல் போக முடியவில்லை. கையில் கொப்புளம் ஆறாத மனிதரின் முகத்தை அந்த நேரத்தில் எனக்கு எழுத வரவில்லை.

[அவள் யாரிடமும் சொல்லவில்லை. கெட்டுப்போன அந்த நான்காவது பாத்திக்கும் ஓர் எடையைக் குத்துமதிப்பாக எழுதி] இவள் அப்படிச் செய்ய மாட்டாள். அளப்பதையே தொழிலாக வைத்திருப்பவள். செய்தால் பட்டம் கிடைக்கும், எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள், அம்மாவின் "நல்லா இருக்காம்" என்பதோடு இன்னொரு "நல்லா இருக்கு" சேர்ந்து அந்த வீடு இப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

[ஆச்சரியம்! அவர் கைபட்ட பயிர் தளதளவென்று எழுந்து மற்ற எல்லாப் பாத்திகளையும் மிஞ்சி] ஆசைதான். ஆனால் மக்காச்சோளத்துக்கு என்மேலோ அவர்மேலோ தனிப்பட்ட பாசம் எதுவும் கிடையாது. அவர் களையெடுத்தபோது அது பூவெடுக்கும் பருவத்தில் இருந்தது.

11

அறுவடை முடிந்து எடை போட்டாயிற்று. அவர் பாத்தி, தொடாமல் விட்ட மற்ற மூன்றையும்விட ஏதோ கொஞ்சம் கூட. முதலிலிருந்தே சுத்தமாக இருந்த பாத்தியோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. கமிட்டி இன்னும் கூடவில்லை.

ஒரு வேலைநாளின் மதியம், சலூனில் யாரும் இல்லாத நேரம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சீப்பு துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் வாடிக்கையாளர் என்று நினைத்து எழுந்தார். அவள்.

அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார், அம்மா வருகிறாளா என்று. வரவில்லை.

"வாம்மா" என்றார். "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. நான்தான் வந்தேன்."

கைப்பையிலிருந்து ஒரு கதிரை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே சீப்பு டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது உங்க பாத்தியில வந்தது."

அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியில் விரலளவுக்கு மணியே இல்லை. "சின்னதா இருக்கே."

"ஆமா."

பிறகு அவள் சொன்னாள். நின்றுகொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அது வேண்டுமென்றே விட்ட பாத்தி என்பதை, எதற்காக விட்டது என்பதை, இனி என்ன ஆகலாம் என்பதை. அவர் கதிரைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையில் வைத்திருக்கவும் தெரியாமல் நின்றார்.

"அப்போ நான் கெடுத்துட்டேன்."

"எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லச் சொன்னேனே. அம்மா சொல்லலையா?"

அவர் யோசித்தார். மெதுவாக அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது. "இல்ல. என்னை விட்டா யாரு இருக்கான்னு நீ சொன்னதாச் சொன்னா."

"நான் அப்படிச் சொல்லலையே."

"அது சரி" என்றார். "நீ சொன்னதா இத்தனை வருஷமா அவ எனக்குச் சொன்னது நிறைய இருக்கு."

"எனக்கும் இருக்கு. தினமும் நீங்க சாப்பிட்டியான்னு கேப்பீங்க."

"தினமுமா?" என்றார் அவர். "அவ்வளவு நல்லவனா நான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், கண்ணாடி காட்டிக்கொடுத்தது. அவரும் சிரித்தார். அம்மாவை வைத்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு அடங்கியதும், என் சலூன்காரர் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை இவர் அவளிடம் கேட்டார். "லேட்டா எடுத்தா, பழையபடி வராதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அம்மாவாக இருந்தால் இந்த இடத்தில் ஒன்றைப் பிடுங்கி ஒன்றைத் தூவியிருப்பாள்.

"வராது" என்றாள். "அந்த வயசுல போனது போனதுதான்."

அவர் தலையாட்டினார். கதிரைப் பத்திரமாக டம்ளருக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தார்.

"ஆனா..." என்றாள்.

அந்த "ஆனா"வை அவள் யோசித்துக்கொண்டு வரவில்லை. நானும் யோசித்து வைத்திருக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்சம் திண்டாடினோம். பிறகு அவளுக்குத் தெரிந்த உண்மையே கைகொடுத்தது.

"நீங்க எடுத்ததால களை விதை விழாம போச்சு. அந்த இடத்துல அடுத்த விதைப்புக்கு மண்ணு சுத்தமா இருக்கும். அது நல்லதுதான்."

"அப்படியா?"

"நெசமாத்தான். அதையும் எழுதியிருக்கேன்."

இன்னும் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் போயிருக்கலாம். போகாமல் நாற்காலியைப் பார்த்தாள், மூலையில் இருந்த பலகையைப் பார்த்தாள், அதில் பாதி அழிந்த பூவைப் பார்த்தாள். அது எப்போது, யாருக்காக வரையப்பட்டது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நான் உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். கைப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டு, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

அவர் கை தன்னையறியாமல் பலகைக்குப் போனது. பாதி வழியில் நினைவு வந்து திரும்பியது. துணியை எடுத்து இரண்டு முறை உதறினார், ஒரு முறையே போதும் என்றாலும். போர்த்தினார். பின்னலின் முடிச்சை அவள்தான் அவிழ்த்தாள். முடி முதுகில் விழுந்தது. அவர் பல் உடையாத சீப்பாகப் பார்த்து எடுத்து, உச்சியிலிருந்து நுனிவரை ஒருமுறை சீவினார்.

"எவ்வளவு எடுக்கட்டும்?"

12

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நானாக இருந்தால் "பாத்து எடுங்க" என்றிருப்பேன். அவளும் அப்படியே சொல்லியிருக்கலாம், அல்லது "நுனி மட்டும்" என்றிருக்கலாம். எனக்கு ஆசையெல்லாம் அந்த வாக்கியத்தின் கடைசியில் அவரைக் கூப்பிட்டு ஒரு சொல் வருமா என்பதில்தான். அதை நானே நட்டுவிட்டுக் கைதட்டல் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்துவிட்டேன். வர வேண்டுமானால் அது தானாக முளைத்து வரட்டும். வராவிட்டாலும் அவர் முடி வெட்டத்தான் போகிறார்.

ஆகவே இந்த இடத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. கேட்டை ஒட்டித்தான் இருக்கிறது, உங்கள் கண்ணில் படும்.

[                                        ]

அவர் கத்தரியைப் பிடித்தபடி கண்ணாடியில் அவளைப் பார்த்துக் காத்திருக்கிறார்.